ஒரு பூச்சு மட்டும்

படகு வாங்கியிருக்கிறோம் என்று மதுரைக்குத் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு அம்மா கேட்டார்: "எதுக்கு?"

எங்களில் ஒருவருக்கு அவர் அம்மா, மற்றவருக்கு அத்தை. இக்கட்டுரையில் அம்மா என்றே இருக்கட்டும். அவருடைய கேள்வி நியாயமானது. நாங்கள் இருவருமே வைகையில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கப் பாலத்துக்கு ஓடிய ஊரில் வளர்ந்தவர்கள். கடல் என்பது எங்களுக்கு ராமேஸ்வரத்தில் வருடத்துக்கொருமுறை கால் நனைத்துவிட்டு வரும் இடம். இருவருக்கும் நீச்சல் அரைகுறை. 2002-இல் இரண்டு பெரிய பெட்டிகளோடு, "ரெண்டே வருஷம்" என்று சொல்லிவிட்டு லண்டனுக்கு வந்தோம். அதற்கு இருபத்தோராண்டுகள் கழித்து எசெக்ஸின் ஒரு கழிமுகச் சேற்றில் நாற்பத்து நான்கு வயதுப் படகொன்றுக்கு உரிமையாளர்களாக நின்றது ஏன் என்று எங்களுக்கே தெளிவான விடை இல்லை. "சும்மாதான்" என்று சொன்னோம். "சரி, எப்ப வாரீங்க?" என்று அவர் வழக்கமான அடுத்த கேள்விக்குப் போனார். "அடுத்த வருஷம்" என்று நாங்களும் வழக்கமான விடையைச் சொன்னோம்.

படகின் கதையைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தோம். குறிப்பாக, அதன் அடியில் நாங்கள் மல்லாந்து கிடந்த ஒரு வசந்தகாலத்தின் கதையை.

*

அது வெஸ்டர்லி சென்டார் வகைப் படகு. இருபத்தாறு அடி நீளம், ஃபைபர் கிளாஸ் உடல், அடியில் ஒன்றுக்கு இரண்டாகக் கீல்கள். 1969 முதல் 1980 வரை இவ்வகையில் 2,400-க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன. பிரிட்டனின் எந்தப் படகு முற்றத்துக்குப் போனாலும் அவற்றில் ஒன்று மூலையில் நின்றுகொண்டிருக்கும். ஓதம் வற்றினால் மைல்கணக்கில் சேறாகிவிடும் பிளாக்வாட்டர் போன்ற கழிமுகங்களுக்கு இரட்டைக் கீல் பெரிய வசதி. தண்ணீர் போனபின் படகு ஒருக்களித்து விழாமல் இரண்டு காலில் நிற்கும்.

எங்கள் படகு 1979-இல் பிறந்தது. 1984 முதல் அதை வைத்திருந்தவர் எண்பத்து நான்கு வயதுப் பெரியவர். பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவர். மனைவி 2019-இல் இறந்தபின் படகைக் கரையேற்றிவிட்டார். அதன்பின் அது நீரைத் தொடவில்லை. 2023 அக்டோபரில் பொது நண்பர் ஒருவர் வழியாக அறிமுகமாகி, ஒரே ஒரு பவுண்டு வாங்கிக்கொண்டு அதை எங்களிடம் எழுதிக்கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான். படகு மறுபடி நீரில் இறங்கும் நாளில் அவரும் அதில் இருக்கவேண்டும். இடுப்பெலும்பு தேய்ந்து நடக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த மனிதர், அதைக் கேட்டபோது எங்கள் முகத்தைப் பார்க்காமல் படகைப் பார்த்தே கேட்டார்.

வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும் உயர் ஓதத்துக்கு, அதாவது 2024 மே மாதக் கடைசி வாரத்துக்கு, கிரேன் பதிவுசெய்தோம். ஆறேழு மாதங்கள் இருந்தன. இயந்திரம் ஓடியது, பாய்கள் பழுதில்லை. எல்லாம் எளிதாகத் தோன்றியது, குனிந்து அடிப்பகுதியைப் பார்க்கும்வரை.

*

நீரில் மிதக்கும் எப்பொருளையும் கடல் தன் வீட்டுச் சுவராக எடுத்துக்கொள்கிறது. சில மணிநேரத்துக்குள் நுண்ணுயிர்களின் வழுவழுப்பான மெல்லிய படலம், சில நாட்களில் பாசி, அதன்பின் கொட்டலசு. பாறைகளிலும் பாலத்தூண்களிலும் வெள்ளைக் கூம்புகளாக ஒட்டியிருக்குமே, காலைக் கீறிவிடுமே, அதுதான். அதன் இளம்புழு நீரில் அலைந்து திரிந்து, ஒரு பரப்பில் இறங்கி, உணர்கொம்புகளால் தொட்டுத்தொட்டு இடம் பார்க்கும். பிடித்துவிட்டால் தலையைக் கீழே வைத்துச் சிமெண்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு வாழ்நாள் முழுக்க அங்கேதான். சார்லஸ் டார்வின் 1846 தொடங்கி எட்டாண்டுகள் இவ்வுயிரினத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பது வியப்பில்லை. இப்படி முடிவெடுக்கும் பிராணியை யாரும் எட்டாண்டு பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நம் கரைகளின் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. கடலுக்குப் போய்த் திரும்பியதும் மணலில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். வெயிலில் காய்ந்த மரத்தில் எதுவும் குடியேற முடியாது. ஆனால் ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை நீரிலேயே கட்டிக்கிடக்கும் படகுக்கு அடியில் நஞ்சு பூசித்தான் ஆகவேண்டும். ஆன்டிஃபவுலிங் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் செம்பு ஆக்ஸைடு கலந்த பூச்சு. அச்செம்பு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கசிந்துகொண்டே இருக்கும். வந்து ஒட்டப்பார்க்கும் புழு நாக்கைச் சுட்டுக்கொண்டதுபோல் விலகிப்போகும். ஒரு பருவம் முடிவதற்குள் செம்பு தீர்ந்துவிடும். அடுத்த வசந்தத்தில் மறுபடி பூசவேண்டும்.

செம்புக்கு இந்த வேலை புதிதல்ல. பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் 'அலார்ம்' என்ற கப்பலின் மர அடியில் செப்புத் தகடு அடித்துச் சோதித்தது. பாசியும் வரவில்லை, மரத்தைத் துளைக்கும் புழுவும் வரவில்லை. ஆனால் தகடு கடல்நீரில் அரித்துக் கரைந்துகொண்டே இருந்தது. செலவு தாளாமல், அரிப்பை நிறுத்த வழி உண்டா என்று வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியிடம் கேட்டார்கள். அவர் 1824-இல் தீர்வு சொன்னார். தகட்டோடு சிறு இரும்புத் துண்டையோ துத்தநாகத் துண்டையோ சேர்த்துவைத்தால் செம்புக்குப் பதில் அது அரிக்கும், செம்பு அப்படியே இருக்கும். அவர் சொன்னபடியே நடந்தது. அரிப்பு நின்றது. நின்றதும் கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் காடாக மண்டிவிட்டன. செம்பு கரைந்ததால்தான் காத்தது. கரையாத செம்பு வெறும் சுவர். டேவியின் ஏற்பாட்டைக் கழற்றிவிட்டார்கள்.

இந்தச் சம்பவத்தை எங்கோ படித்துவிட்டு இரண்டு நாள் இதையே பேசிக்கொண்டிருந்தோம். அது எங்கள் படகுக்கும் பொருந்துகிறது என்பது பிறகுதான் உறைத்தது.

*

பூச்சில் செம்பு தீர்ந்தாலும், கெட்டியான வகைப் பூச்சின் மிச்ச உடல் போவதில்லை. உலர்ந்த ஓடாக அங்கேயே இருக்கும். பெரியவர் அதன்மேலேயே மறுபூச்சு அடித்திருந்தார். அடுத்த ஆண்டு அதன்மேல். இப்படி முப்பத்தைந்து வசந்தங்கள். சில இடங்களில் இரண்டு மில்லிமீட்டர் தடிமன். சில இடங்களில் தட்டுத்தட்டாகப் பெயர்ந்து, உள்ளங்கையை வைத்தால் நிலவின் தரையைத் தொடுவதுபோல் மேடும் பள்ளமுமாக இருந்தது.

எங்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது பொங்கலுக்கு முன் வீட்டுக்கு அடிக்கும் சுண்ணாம்பு. பழைய சுண்ணாம்பின்மேல் புதுச் சுண்ணாம்பு, ஆண்டுக்கு ஒன்று. நீலம் கொஞ்சம் கூடிப்போன வருஷம், மஞ்சள் கலந்த வருஷம் என்று சுவரில் அடுக்கடுக்காக இருக்கும். திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் ஒட்டும். பிள்ளைகள் நகத்தால் பெயர்த்து ஒவ்வொரு நிறமாகப் பார்ப்போம், அடி வாங்குவோம். முழுக்கச் சுரண்டிவிட்டு அடிப்பது வீட்டில் கல்யாணம் வந்தால்தான்.

இங்கும் அப்படித்தான் ஆயிற்று. மேல்அடுக்கு பெயரும் நிலையில் இருந்தால் அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சை அடித்தாலும் எல்லாம் சேர்ந்து உதிரும். முழுவதையும் எடுத்தாகவேண்டும்.

எடுக்கும் வழிகளை விசாரித்தோம். ஆள் வைத்து உயர் அழுத்தத்தில் மணல்கூழோ சோடாவோ பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம். அதற்கான தொகை படகின் விலையைப்போல் பலநூறு மடங்கு. பூச்சை இளக்கும் ரசாயனக் கூழ் உண்டு. இருபது சதுர மீட்டருக்கு வாளிவாளியாகத் தேவைப்படும். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோ, வெப்பக்காற்றால் கருக்கிப் பெயர்ப்பதோ கூடவே கூடாது. தூசும் புகையும் நுரையீரலுக்கு நஞ்சு. மிச்சம் இருந்தது சுரண்டுவது. கையால் சுரண்டினால் தோள் கழன்றுவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்போதுதான் இணையக் கடையில் அந்தக் கருவி கண்ணில் பட்டது. பவர் ஸ்கிரேப்பர். விலை நாற்பது பவுண்டுக்கும் கீழே. கைப்பிடி வைத்த தடித்த டார்ச்சுவிளக்கு போன்ற உடல், முனையில் தட்டையான உளி. மின்சாரம் கொடுத்து உளியைப் பரப்பில் அழுத்தினால் அது முன்னும் பின்னும் படுவேகமாக அதிரும். காணொளியில் ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒரு வார இறுதியில் ஒரு படகை முடித்துக்காட்டினார். நாங்கள் நம்பினோம். நம்புவதற்கு வசதியான விஷயமாக இருந்தது.

*

2024 மார்ச் இறுதியில் முதல் சனிக்கிழமை. கருவியின் இரைச்சல் மாவு மில்லை நினைவூட்டியது. ஆனால் வேலை நடந்தது. பெயரக் காத்திருந்த தடித்த அடுக்குகள் அப்பளம்போல் நொறுங்கித் தட்டுத்தட்டாக விழுந்தன. ஒருவர் சுரண்ட, ஒருவர் பெருக்க என்று மாறிமாறிச் செய்தோம். மதியத்துக்குள் ஒரு பக்கத்தில் கதவளவு இடம் வெளுத்துவிட்டது. தேநீர் ஊற்றியபோது கோப்பை கையில் நடுங்கியது. சிரித்துக்கொண்டோம்.

சிரிப்பு அடங்கும் முன்பே முற்றத்தின் பொறுப்பாளர் வந்து நின்றார். காற்றில் நீலச் சில்லுகள் பறந்து புல்லிலும் அதற்கப்பால் சேற்றிலும் விழுந்துகொண்டிருந்தன. நாங்கள் விரித்திருந்தது ஒரே ஒரு சிறிய விரிப்பு. அவர் குரலை உயர்த்தவில்லை. சேற்றைக் காட்டி, "அங்கே சிப்பிகள் இருக்கின்றன" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு வாசித்ததில் தூக்கம் போயிற்று. செம்பே பரவாயில்லை என்று சொல்லவைக்கும் ஒன்று அதற்குமுன் புழக்கத்தில் இருந்திருக்கிறது. டிரைபியூட்டைல் டின் எனப்படும் வெள்ளீயச் சேர்மம். எழுபதுகளில் பரவலாக வந்தது. அதைப் பூசிய படகில் எதுவும் ஒட்டவில்லை. ஆனால் பிரான்ஸின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடுகள் கோணல்மாணலாகத் தடித்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. டாக் வெல்க் எனும் சிறு கடல்நத்தையின் பெண்களுக்கு ஆணுறுப்பு முளைத்தது. ஒரு லிட்டர் நீரில் சில நானோகிராம் இருந்தாலே அது நிகழும். பிரான்ஸ் 1982-இல் சிறு படகுகளுக்குத் தடை விதித்தது. பிரிட்டன் 1987-இல் விதித்தது. உலகளாவிய கப்பல்களுக்கான ஒப்பந்தம் 2001-இல் கையெழுத்தாகி 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

எங்கள் படகு 1979-இல் பிறந்தது. பெரியவர் பூசத் தொடங்கியது 1984. அடியில் இருக்கும் முதல் சில அடுக்குகள் எந்தக் காலத்தவை என்று கணக்குப் போட எங்களுக்குக் கணித ஆசிரியர் தேவைப்படவில்லை.

பிளாக்வாட்டரும் அதன் அண்டைக் கழிமுகங்களும் 2013 முதல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. அங்குள்ள நாட்டுச் சிப்பிகளைக் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதே நீரைக் காய்ச்சித்தான் மால்டன் உப்பு எடுக்கிறார்கள். எங்கள் சமையலறையில் அந்த உப்பு ஒரு பொட்டலம் இருந்தது.

அடுத்த வாரம் படகைச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டினோம். தரையில் இரட்டை விரிப்பு. தலை முதல் கால் வரை மூடும் அங்கி, உயர்தர வடிகட்டி உள்ள முகமூடி, கண்ணாடி, காதுமூடி. முன்பெல்லாம் காற்றில் வீசியதை இப்போது தூரிகையால் கூட்டி அள்ளினோம். முதல் நாள் சேற்றில் விழுந்தவற்றை அள்ள முடியவில்லை. அது எங்கள் கணக்கில் இருக்கிறது.

*

மேலே கருநீலம். அதற்கடியில் கறுப்பு, பிறகு சிவப்பு, பிறகு மங்கிய பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் செங்கல் நிறம். கருநீலமும் கறுப்பும் எளிதாக வந்தன. சிவப்புக்குக் கீழே கதை மாறியது. கெட்டியாகப் பற்றியிருந்த மெல்லிய அடுக்குகளின்மேல் உளி வழுக்கிக்கொண்டு போயிற்று. மலிவுக் கருவியின் எல்லை அங்கேதான் தெரிகிறது. தளர்ந்ததை அது விரைவாக எடுக்கும், பிடித்திருப்பதோடு அதனால் பேச முடியாது. அழுத்தினால் எஃகு சூடாகி முனை மழுங்கும். இன்னும் அழுத்துவோம். ஒரு மணிநேரத்தில் இரண்டு கை அகலம். இரவில் விரல் நுனிகள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் நின்றோம்.

மே மாதத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மூன்றாவது சனிக்கிழமை மாலை, வெளிச்சம் குறைந்தபின்னும் நிறுத்தாமல், இடது கீலுக்கு அருகே செங்கல் நிறத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் மாறியது. காதுமூடி இருந்ததால் அது எங்களுக்குக் கேட்கவில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது பிறை பிறையாகப் பதினேழு வெட்டுகள்.

ஃபைபர் கிளாஸ் படகின் மேல்தோலாக ஜெல்கோட் என்றொரு அடுக்கு இருக்கும். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். நீரை வெளியே நிறுத்துவது அதுவே. உளியின் கூர்மூலை அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே இருந்த கண்ணாடி இழைகளைத் தொட்டிருந்தது. அப்படியே மிதக்கவிட்டால் நீர் இழைகளுக்குள் மெல்லப் புகுந்து, உள்ளிருக்கும் ரசாயனங்களோடு கலந்து, சில ஆண்டுகளில் கொப்புளமாகும். குத்தினால் காடி நாற்றத்தோடு நீர் வடியும். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கடல் செய்யாததை நாங்கள் ஒரு மாலையில் செய்திருந்தோம்.

விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டோம். யார் கையில் கருவி இருந்தது என்பதை இன்றுவரை இருவரும் சொல்லிக்கொண்டதில்லை. இருவருமே அழுத்தியிருந்தோம்.

அடுத்த படகில் வேலை செய்துகொண்டிருந்தவர் மறுநாள் வந்து பார்த்தார். பெரும் பேச்சுக்காரர் இல்லை. கருவியை வாங்கி உளியைக் கழற்றினார். அரம் கொண்டு அதன் இரு மூலைகளையும் உருட்டினார். கால்மணி நேரத்துக்கொருமுறை முனையைத் தீட்டவேண்டும் என்றார். பிறகு உளியைப் பரப்போடு ஏறக்குறையப் படுக்கவைத்து, அழுத்தாமல், ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்திக் காட்டினார். எங்களுக்கு அக்கணமே புரிந்தது. தோசைத் திருப்பியின் கோணம். ஓரம் கிளம்பும்வரை பொறுத்து, கிளம்பிய இடத்தில் நுழைந்து, கல்லோடு ஒட்டிப் போகவேண்டும். குத்தினால் பிய்ந்துவிடும். இத்தனை வருஷமாக வீட்டில் தினமும் செய்துகொண்டிருப்பதை, மின்கம்பி இணைத்ததும் மறந்திருக்கிறோம்.

போகும்முன் அவர் இன்னொன்றும் சொன்னார். கடைசி அடுக்குக்கு இயந்திரம் வேண்டாம், கைச்சுரண்டி போதும், அதற்கு அடியில் இருப்பது கைக்குத்தான் தெரியும்.

*

பெரியவரிடம் சொல்லவேண்டியிருந்தது. வெட்டுகளைச் சுற்றித் தேய்த்து, உலரவைத்து, எபாக்ஸி நிரப்பி, அதன்மேல் எபாக்ஸி அடுக்குகள் பூசவேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே எபாக்ஸி இறுகுவதற்குத் தவிக்கும். ஏப்ரல் இரவுகள் அதற்கும் கீழே இருந்தன. வைகாசிப் பௌர்ணமி தவறியது. மேலே பூசி மறைத்துவிட்டு இறக்கிவிடலாமா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது என்பதை மறைக்கவில்லை. அவருக்கு எண்பத்து நான்கு வயது. இரண்டு மாதம் என்பது அவருக்கு எவ்வளவு என்று நாங்கள் எப்படிச் சொல்வது? தொலைபேசியில் நடந்ததை அப்படியே சொன்னோம். "வந்து பார்க்கிறேன்" என்றார்.

மகளின் காரில் வந்தார். ஊன்றுகோலோடு படகைச் சுற்றிவர அரைமணி நேரம் ஆயிற்று. பதினேழு வெட்டுகளையும் விரலால் தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சுக்கானுக்கு அருகே இன்னும் எடுக்காமல் விட்டிருந்த செங்கல் நிறத்தைக் கண்டதும் நின்றார்.

"அந்தப் பூச்சு அடித்த வருஷங்களில் அடியில் ஒன்றுமே ஒட்டவில்லை. அக்டோபரில் தூக்கினால் புதிதாக இருக்கும். எங்களுக்குப் பெருமை. எல்லோரிடமும் சொல்வோம்." சற்று நிறுத்தினார். "சிப்பிகளைப் பற்றிப் பிறகு செய்தித்தாளில் படித்தோம்."

நாங்கள் மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டோம். முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட ஏன் சுரண்டவில்லை? குற்றம்சாட்டும் தொனி வந்துவிடக்கூடாதே என்ற கவலையோடுதான் கேட்டோம்.

அவர் யோசிக்கவே இல்லை. "ஒவ்வொரு வருஷமும் இதுதான் கடைசி வருஷம் என்று நினைத்தோம். பிள்ளைகள் பெரியவர்களாகிறார்கள், முதுகு வலிக்கிறது, அடுத்த வருஷம் விற்றுவிடலாம் என்று. விற்கப்போகும் படகை யார் சுரண்டுவார்கள்? அதனால் ஒரு பூச்சு மட்டும்."

மகள் காரைக் கிளப்பிக்கொண்டு போனபின் நாங்கள் வேலைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கும் கிளம்பவில்லை. ஓதம் வற்றிக்கொண்டிருந்தது. சேற்றில் நாரைகள் இறங்கியிருந்தன.

எங்கள் வீட்டில் படுக்கையறை அலமாரியின் மேல் இரண்டு பெரிய பெட்டிகள் இருக்கின்றன. 2002-இல் கொண்டுவந்தவை. பரணில் போடவில்லை, எறியவில்லை. எந்நேரமும் எடுக்க வசதியாக அங்கேயே இருக்கட்டும் என்று. நல்ல மேசை வாங்கவில்லை, எப்படியும் அடுத்த வருஷம் போகப்போகிறோம். கொல்லையில் மரம் வைக்கவில்லை, அது காய்ப்பதற்குள் நாம் இருக்கமாட்டோம். அக்கம்பக்கத்தாரின் பெயர்களைக்கூடச் சரியாகக் கேட்டுவைத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் இருவரும் உட்கார்ந்து, "இந்த வருஷம் மட்டும்" என்போம். இருபத்திரண்டு முறை சொல்லியிருக்கிறோம். முதல் சில ஆண்டுகள் அந்தச் சொல் வேலை செய்தது. உண்மையாகவே ஊர் ஏக்கத்தை அது ஒட்டவிடாமல் தடுத்தது. அதில் இருந்த செம்பு எந்த வருஷத்தில் தீர்ந்தது என்று தெரியவில்லை. அதன்பின் பூசியவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய ஓடு.

இதை அங்கே இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும், "நாமும்தான்" என்றோம்.

*

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூலை உருட்டிய உளியால் பெரும்பகுதியை முடித்தோம். கருவியைக் குறைசொல்ல மாட்டோம். நாற்பது பவுண்டுக்கு அது தன் வேலையைச் செய்தது. எங்கள் அவசரத்தையும் சேர்த்துச் செய்யும் என்று நாங்கள் எதிர்பார்த்ததுதான் பிழை. செங்கல் நிறத்தை நீர் தெளித்து நனைத்துக் கைச்சுரண்டியால் எடுத்தோம். அடியிலிருந்து பழைய ஜெல்கோட் வெளிப்பட்டபோது அது வெள்ளை இல்லை, பாலேடு நிறம். அள்ளிய சில்லுகள் மொத்தம் ஐம்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் படகு அத்தனையும் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. மூட்டைகளில் கட்டி, அபாயகரக் கழிவாகப் பணம் கட்டி ஒப்படைத்தோம். வெட்டுகளை உலரவைத்து நிரப்பி, ஜூன் வெயிலில் எபாக்ஸி பூசினோம். கடைசியில் செம்புப் பூச்சு. செம்பும் நஞ்சுதான், அதை மறக்கவில்லை. இந்தமுறை தேவையான அளவு மட்டும், அதுவும் காலத்தோடு தானே தேய்ந்துபோகும் வகை.

ஆடிப் பௌர்ணமிக்கு மறுநாள், 2024 ஜூலை 22-இல், கிரேன் படகைத் தூக்கி நீரில் வைத்தது. பெரியவர் வந்திருந்தார். அவரை ஏற்றுவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். சுக்கான் பிடியில் அவர் கை போய் அமர்ந்ததைப் பார்த்தபின் நாங்கள் அதைத் தொடவில்லை. மிதவைக் கட்டுத்துறை வரை இருபது நிமிடப் பயணம். பாய் விரிக்கவில்லை. நடுவழியில், "இலகுவாகப் போகிறது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பும் சிறுபடகில் தன் உள்ளங்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. வெயில், மருந்து, மாடிக்குடித்தனம் எல்லாம் பேசிமுடித்தபின் அம்மா கேட்டார்: "எப்ப வாரீங்க?"

வாயில் வழக்கமான சொல் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டோம். டிசம்பரில் வருகிறோம், மூன்று வாரம் இருப்போம், பிறகு இங்கே திரும்பிவிடுவோம் என்று சொன்னோம். இனி ஒவ்வொரு டிசம்பரும் அப்படித்தான் என்றும், அங்கேயே வந்து இருப்பது இனி நடக்கும் என்று தோன்றவில்லை என்றும் சொன்னோம். எந்த இடத்தில் குரல் உடைந்தது என்பதை எழுதப்போவதில்லை.

நெடுநேரம் அமைதி. படகு வாங்கிய அன்று இருந்ததைவிட நீண்ட அமைதி.

"அது எனக்குத் தெரியாதா? அந்தத் தம்பி பிறந்த வருஷமே தெரியும்" என்றார். தம்பி என்றது அடுத்த வீட்டுப் பையனை. கல்லூரி முடித்துவிட்டான். "நீங்க சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "படகு மிதக்குதா?" என்று கேட்டார்.

மிதக்கிறது என்றோம்.